ராமையா ஒட்டிய ஏழாவது தீவட்டி

ராமையாவின் கதையைச் சொல்வதென்றால் அவன் தப்புகளில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மூன்று வருஷமாக அவற்றை ஒன்று விடாமல் எண்ணி வைத்திருக்கிற ஆள் நான்தான்.

ஷார்ஜா தொழில்பேட்டை பத்தாம் நம்பரில் எங்கள் போர்டு கடை. என் பெயர் கௌஸ் முகம்மது. கம்ப்யூட்டரில் வடிவம் போட்டு மெஷினில் அக்ரிலிக் வெட்டுவது என் வேலை. நான் வெட்டியதை ஒட்டுவதும், வெட்ட முடியாததைக் கையால் வரைவதும் ராமையாவின் வேலை. கடைக்கு முதலாளி செய்கு அலாவுதீன் காக்கா. கீழக்கரையில் நாங்கள் அண்ணனைக் காக்கா என்போம். நல்ல மனிதர்தான், ஆனால் கஸ்டமர் போனில் சத்தம் போட்டால் அந்தச் சத்தத்தை இரண்டு மடங்காக்கி எங்கள் தலையில் இறக்கிவிடுவார்.

என் ரூம் கதவுக்குப் பின்னால் மார்க்கர் பேனாவால் 'ராமையா' என்று எழுதி, கீழே அவன் செய்த தப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். 2006 நவம்பரில் நாற்பத்தொரு கோடு. பல் டாக்டர் போர்டில் பல்லைத் தலைகீழாக வரைந்துவிட்டு, "இது மேல் பல்லு பாய், வேர் மேலதான இருக்கும்?" என்று என்னிடமே கேட்ட ஆள் அவன். மீன் கடைக்கு வரைந்த மீன் பல்லைக் காட்டிச் சிரித்தது. மீன்கடைக்காரருக்கு அது பிடித்துப்போய், இன்னொரு சிரிக்கிற மீன் வேண்டும் என்று வந்து நின்றதைச் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் ஒரு கோடு போட்டேன்.

திருவாரூர்ப் பக்கம் பிறந்தவன். பதினாறு வயதில் பிரஷ் எடுத்து, தேர்தலுக்குத் தேர்தல் சுவரெல்லாம் கதிர் அரிவாள் வரைந்திருக்கிறான். அச்சு எதுவும் வைக்காமல், பீடியை வாயில் வைத்துக்கொண்டே, ஒரே இழுப்பில் கதிரைச் சாய்ப்பான். ஒரு சுவரின் இந்தப் பாதியில் கதிர் அரிவாளும் அந்தப் பாதியில் எதிர்க்கட்சிச் சின்னமும் வரைந்து, இரண்டு கட்சிக்காரனிடமும் டீயும் வடையும் வாங்கித் தின்றதை வெட்கமில்லாமல் சொல்வான். பெயிண்டர் விசா என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி வந்தவனை டீசல் டேங்குக்குச் சாம்பல் கலர் அடிக்க ஏற்றிவிட்டார்கள். எட்டு மாதம் அடித்தான். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் டேங்க் முழுக்க ஒரு எருமை மாட்டை வரைந்து வைத்தான். போர்மேன் அவனை வேலையை விட்டுத் துரத்தினான். அந்தக் கம்பெனிக்கு போர்டு மாட்டப் போயிருந்த காக்கா எருமையைப் பார்த்துவிட்டு, "இந்த ஆளை எனக்குக் குடு" என்று கையோடு கூட்டி வந்துவிட்டார். வந்ததில் இருந்து எனக்குத்தான் தலைவலி.

அந்த நவம்பரில் அவனுக்கு ஒரே ஒரு ஆசைதான். லீவு. மகள் அருணாவுக்கு ஒன்பது வயதாகியும் காது குத்தவில்லை. முதல் தடவை நாள் குறித்தபோது விசா அவசரமாக வந்து இவன் விமானம் ஏறிவிட்டான். இரண்டாம் தடவை கடையில் வேலை அதிகம் என்று காக்கா விடவில்லை. இவன் மனைவி மீனாம்பாள், அப்பா இல்லாமலே குத்திவிடலாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். அந்தப் பொண்ணு, "அப்பா வந்தாதான் காதைக் காட்டுவேன்" என்று ஓடிப்போய் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதாம். வகுப்பில் மொட்டைக் காது என்று கூப்பிடுகிறார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் ராமையா சிரிக்க மாட்டான். மூன்றாம் தடவையாக டிசம்பர் ஏழாம் தேதி நாள் வைத்திருந்தார்கள்.

லீவு கேட்கப் போனபோது நானும் உள்ளேதான் இருந்தேன்.

"காது குத்தணும் மொதலாளி."

"யாருக்கு, எனக்கா?" என்றார் காக்கா.

பிறகு விஷயம் புரிந்து கொஞ்சம் இளகினார். எங்கள் எல்லோர் பாஸ்போர்ட்டும் கிடக்கிற டிராயரைத் தட்டிக் காட்டினார்.

"நேஷனல் டே சீசன் இது. இந்த மாசம் நீ கை வெச்ச போர்டு ஒண்ணுலயும் கம்ப்ளெயிண்ட் வரக்கூடாது. வராட்டி ரெண்டாம் தேதி பாஸ்போர்ட் உன் கையில. ஒண்ணு வந்துச்சு, லீவு மாஃபி, கிடையாது. கலாஸ். சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து ராமையா பீடியைக்கூடக் கவனமாகப் பற்றவைத்தான்.

நேஷனல் டே சீசன் என்றால் எங்களுக்கு ஏழு. ஏழு அமீரகம் சேர்ந்த நாடு என்பதால் சூப்பர் மார்க்கெட்டுக்கு ஏழு நட்சத்திரம், ஸ்கூலுக்கு ஏழு பலூன், டயர் கடைக்கு ஏழு டயரில் ஏழு கலர். மெஷினில் ஒன்று வரைவேன், விரல் தானாக ஏழு தடவை அமுக்கும், ஏழு வெட்டி வெளியே தள்ளும். அந்த மாதம் பரோட்டா வாங்கப் போனால்கூட வாயில் ஏழுதான் வந்தது.

அந்த அமளியில்தான் மிர்சாத் வந்தார். பக்கத்துத் தெருவில் கான்கிரீட் கலக்கும் கம்பெனியில் இஞ்சினியர். நல்ல உயரம், நரைத்த மீசை. நாலடி அகலத்தில் ஒரு சின்னம் வேண்டும் என்று சொல்லி, சட்டைப் பையில் இருந்து சிவப்பு பாஸ்போர்ட் ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்தார். அட்டையில் தங்க நிறத்தில் ஒரு முத்திரை, பாதி தேய்ந்துபோயிருந்தது.

"எந்த நாடு சார்?"

"யூகோஸ்லாவியா."

"அது எங்க இருக்கு?"

"இல்லை" என்றார். "பதினைந்து வருஷமாக இல்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாடே இல்லாத மனிதர் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறார். நாடு குத்துக்கல் மாதிரி இருக்கிற எங்கள் பாஸ்போர்ட் காக்கா டிராயரில் கிடக்கிறது. இதை அவரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். அதன்பிறகு டீ வந்தது, பேச்சும் வந்தது.

அவர்கள் ஆறு பேர். சோஷலிஸ்ட் யூகோஸ்லாவியாவில் இருந்த ஆறு குடியரசுக்கு ஒருவர் என்று இங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். இவர் போஸ்னியாக்காரர். வருஷா வருஷம் நவம்பர் இருபத்தொன்பது அன்று ஒன்றாக உட்கார்ந்து இறைச்சி சுட்டுத் தின்பார்களாம். அதுதான் அந்த நாட்டின் பிறந்தநாள், 1943. சின்னத்தின் அடியில் நீல நாடாவில் அந்தத் தேதியை எழுத வேண்டும். சுற்றிலும் கோதுமைக் கதிர், உச்சியில் சிவப்பு நட்சத்திரம், நடுவில் தீவட்டிகள். தீவட்டி தனித்தனி, மேலே எரிகிற தீ மட்டும் ஒன்றே ஒன்று.

"முதலில் ஐந்துதான்" என்றார் மிர்சாத். "ஐந்து இனத்துக்கு ஐந்து. போஸ்னியாவுக்கென்று தனியாகக் கிடையாது. அறுபத்து மூன்றில் நாங்களும் ஒரு குடியரசுதானே என்று ஆறாவதைச் சேர்த்தார்கள். நான் பிறந்ததும் அறுபத்து மூன்றில்தான். பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு மேலே இதுதான் தொங்கும். எது யாருடைய தீவட்டி என்று எழுதியிருக்காது. அதுதான் அதன் அழகு."

அந்த வருஷம்தான் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்த செர்பியாவும் மாண்டிநீக்ரோவும் பிரிந்திருந்தன. இனி ஆறும் ஆறு நாடு. அதனால்தான் இந்த வருஷம் போர்டு வேண்டும் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் பாஸ்போர்ட்டை என்னிடம் விட்டுப் போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

ராமையா கதிரை வரைந்தான். பிரமாதமாக வரைந்தான். மணி முற்றித் தலை சாய்ந்து, காற்றுக்கு அசைகிற மாதிரி இருந்தது. நெல்!

"அட மடையா, கோதுமைடா கேட்டாரு!"

"கதிர்னு சொன்னீங்க. கதிர்னா இதான பாய்?"

நாற்பத்திரண்டாவது கோடு போட்டேன். கஸ்டமர் பார்ப்பதற்கு முன்பே பிடித்துவிட்டதால் காக்கா கணக்கில் சேராது என்று பெரிய மனது பண்ணினேன். அவன் பக்கத்து மளிகைக் கடை பக்காலாவுக்குப் போய் ஆட்டா மாவுப் பை ஒன்றை வாங்கி வந்து, அதில் இருந்த கோதுமைப் படத்தைப் பார்த்து முழுவதையும் அழித்து வரைந்தான்.

தீவட்டியை நான் வெட்டினேன். ஐந்து, பிறகு ஆறு என்ற கதையைக் கடையில் எல்லோருக்கும் கைகாலை ஆட்டிச் சொன்ன நான், ஒரு தீவட்டி வரைந்து, விரலை ஏழு தடவை அமுக்கி, ஏழு வெட்டி ராமையாவின் மேஜையில் போட்டேன். அவன் எடுத்துப் பார்த்தான். பாஸ்போர்ட்டை வெளிச்சத்தில் சாய்த்து நகத்தால் தடவிப் பார்த்தான்.

"பாய், இதுல ஏழு இருக்கு."

"இருந்தா ஒட்டு."

"இல்ல பாய், அந்த பாஸ்போர்ட்டுல..."

"தீவட்டித் தடியா! நெல்லுக்கும் கோதுமைக்கும் வித்தியாசம் தெரியாதவன் எனக்குக் கணக்குச் சொல்ல வந்துட்டியா? வெட்டிக் குடுத்ததை ஒட்டு. ஜல்தி!"

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "சரி பாய்" என்றான். ஒட்டினான்.

இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் போர்டைப் பேப்பரில் சுற்றி வேனில் ஏற்றிக்கொண்டு நாங்கள் இருவரும் போனோம். கான்கிரீட் கம்பெனிக்குப் பின்னால் மணல் திடலில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. ஆறு பேரும் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார்கள். சுவரில் மாட்டி, மிர்சாத் கையாலேயே பேப்பரைக் கிழிக்கச் சொன்னோம்.

கிழித்தார். மிர்சாத்தின் கண் கலங்கியது. நான் பெருமையாக மீசையைத் தடவினேன். அப்புறம் அவர் விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தார். ஏழில் வந்து விரல் நின்றது.

"ஏழா?" என்றார் ஸ்லாவ்கோ. அவர் செர்பியாக்காரர், ஆளும் பெரியவர், குரலும் பெரியது. "ஏழாவது யார்?"

கல்லைப் போட்டால்கூட அவ்வளவு சத்தம் வந்திருக்காது. கொசோவோ என்றொரு பகுதியும் தனியாகப் போகப் போகிறது என்று அப்போது அங்கே பேச்சு நடந்துகொண்டிருந்ததாம். அதை யாரோ வேண்டுமென்றே செருகச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஸ்லாவ்கோ குதித்தார். குரோஷியாக்காரர் பதிலுக்குக் குதித்தார். ஸ்லோவேனியாக்காரர் நான் இல்லை என்று தானாக வந்து சொன்னதால் எல்லோருக்கும் அவர்மேல் சந்தேகம் வந்தது. இறைச்சி ஒரு பக்கம் கருகிக்கொண்டிருந்தது. கடைசியில் ஆறு பேரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"யார் செய்தது?" என்றார் மிர்சாத்.

நான்தான் என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. கதவுக்குப் பின்னால் அடுத்தவன் தப்பை எண்ணுகிறவனுக்குத் தன் தப்பை வாயால் சொல்லத் துப்பில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ராமையா என் முகத்தைப் பார்த்தான். ஒரு அடி முன்னால் போனான்.

"சார், ஐ மிஸ்டேக். மை மிஸ்டேக். நோ பிராப்ளம், ஒன் மினிட்."

இடுப்பில் இருந்து கத்தியை எடுத்தான். ஒன்றைப் பெயர்த்துவிட்டு மிச்சத்தைச் சரிசெய்யப் போகிறான் என்று புரிந்ததும் எல்லோரும் கொஞ்சம் அடங்கினார்கள். நடுவில் இருந்த தீவட்டியில் கத்தியை வைத்தான்.

"அதை இல்லை!" என்று கத்தினார் ஸ்லாவ்கோ. "நடுவில் இருப்பது செர்பியா!"

ராமையா இடதுகோடிக்குப் போனான்.

"ஸ்டாப்! முதலில் இருப்பது நாங்கள்" என்றார் ஸ்லோவேனியாக்காரர்.

அதற்கு அடுத்ததைத் தொட்டான். குரோஷியாக்காரர் பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வலதுகோடிக்குப் போனான். மாசிடோனியாக்காரர் வாயில் இறைச்சியோடு ஓடிவந்து போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டார். மாண்டிநீக்ரோக்காரர் தனக்குப் பிடித்த ஒரு தீவட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். மிச்சம் இரண்டு. ராமையா அதில் ஒன்றைத் தொட்டதும், எது யாருடையது என்று எழுதாததுதான் அழகு என்று என்னிடம் சொன்ன மனிதர் சொன்னார்:

"அது அறுபத்து மூன்று. அது என்னுடையது."

"அப்ப இது?" என்று கடைசியாக இருந்ததைக் காட்டினான் ராமையா.

ஆறு பேரும் அதைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதைப் பெயர்த்தால் இடம் காலியாகும், மற்றவற்றை நகர்த்த வேண்டும், நகர்த்தினால் எது எது என்று மாறிவிடும். ஸ்லாவ்கோதான் முதலில் சிரித்தார். அந்தப் பெரிய வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்துவிட்டு, "விடு, விடு! அது ஸ்பேர். வண்டிக்கு நாலு டயர் என்றாலும் ஐந்தாவது வைப்பது இல்லையா? எங்களுக்கும் ஒரு ஸ்பேர் இருந்திருந்தால் இப்படி நடுரோட்டில் நின்றிருக்க மாட்டோம்" என்றார். மிர்சாத் கண்ணைத் துடைத்துக்கொண்டே டெலிவரி தாளில் கையெழுத்துப் போட்டார். கம்ப்ளெயிண்ட் என்ற கட்டத்தில், ஒன்றும் இல்லை என்று ஒரு கோடு கிழித்தார். எங்களுக்கும் இரண்டு தட்டு வந்தது. கருகியிருந்தாலும் ருசியாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது வேனில் ராமையா பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். நான் ரோட்டைப் பார்த்தபடியே வந்தேன்.

மறுநாள் காலையில் மிர்சாத் காக்காவுக்கு போன் போட்டு நன்றி சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர்கள் இப்படித்தான் குடியைக் கெடுப்பார்கள். ஆறுக்கு ஏழு வந்த கூத்தையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். காக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"ஒரு நாட்டோட சின்னத்துல ஒண்ணைக் கூட்டிப் போட்டிருக்கே. நாளைக்கே நேஷனல் டே போர்டுல எட்டு நட்சத்திரம் ஒட்டி வெச்சா என் கடை என்னாகும்? நான் என்ன சொன்னேன் ராமையா? ஒரு தப்பு வந்தா லீவு?"

"மாஃபி" என்றான் ராமையா.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவன் கண் டிராயர்மேல் இருந்தது. உதடு லேசாக அசைந்தது. மீனாம்பாளுக்கு என்ன சொல்வது என்று அப்போதே ஒத்திகை பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்த பொண்ணு என் கண்ணுக்குள் வந்து நின்றது.

"வெட்டினது நான் காக்கா" என்றேன்.

"என்னது?"

"ஏழு வெட்டினது நான். இவன் கேட்டான், ஏழு இருக்குன்னு சொன்னான். நான்தான் ஏசி ஒட்ட வெச்சேன். நேத்து அங்கயும் இவன்தான் பழியை ஏத்துக்கிட்டான். நான் வாயைத் திறக்கலை."

காக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பெருநாளைக்கு ஊருக்குப் போக நான் எழுதிக் கொடுத்த லீவுத் தாளும் அதே டிராயரில்தான் இருந்தது. ஊரில் ஜுலைஹா பீவி, என் வீட்டுக்காரி, யார் யாருக்கு என்ன துணி என்று பட்டியலே போட்டு வைத்திருந்தாள். காக்கா அந்த லீவுத் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார். ராமையாவின் பாஸ்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இவன் திரும்பி வர்ற வரைக்கும் இவன் வேலையும் உனக்குத்தான். ஒட்டிப் பழகு."

வெளியே வந்ததும் ராமையா பாஸ்போர்ட்டைப் பிரித்துத் தன் போட்டோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னான்:

"நடுத் தீவட்டியை மட்டும் லேசா டேப் வெச்சுத்தான் ஒட்டியிருந்தேன் பாய். பாஸ்போர்ட்டுல ஆறுதான்னு நகத்துலயே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா ஒட்டினே?"

"மூணு வருசமா என் தப்பையே எண்ணிக்கிட்டு இருந்தீங்க. உங்களோடது ஒண்ணை எல்லாரு முன்னாடியும் எண்ணிப் பாக்கலாமுன்னு ஆசை. அவங்க முழிக்கிறப்ப டக்குனு பிச்சு எடுத்துட்டு, பாய் வெட்டினதுன்னு சொல்லலாமுன்னுதான் கத்தியை எடுத்துட்டு வந்தேன். பிக்க விட்டாங்களா அவங்க?"

"அப்புறம் ஏன்டா உன் தப்புன்னு சொன்னே? லீவு போயிருந்தா?"

"உங்க மூஞ்சி அப்புடி இருந்துச்சு பாய். பாக்க முடியல" என்றான்.

அவன் போன பிறகு மார்க்கரை எடுத்துக் கதவுக்குப் பின்னால் போனேன். பக்கத்தில் 'கௌஸ்' என்று எழுதினேன். ஏழு வெட்டியதற்கு ஒரு கோடு. வாயை மூடிக்கொண்டு நின்றதற்கு இன்னொரு கோடு, அதைக் கொஞ்சம் தடியாகப் போட்டேன்.

டிசம்பர் ஏழாம் தேதி மத்தியானம், ஒரு சலூன் போர்டுக்குக் கத்தரிக்கோலைக் கோணலாக ஒட்டிவிட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மேளச் சத்தத்துக்கு நடுவே ஒரு சின்னக் குரல், இப்போதுதான் அழுது முடித்த குரல்.

"பாய் மாமாவா? நான் அருணா பேசுறேன். காது குத்தியாச்சு மாமா. அப்பா உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

"என்னம்மா சொல்லச் சொன்னான்?"

"குத்தின காதை எண்ணிப் பாத்தாச்சாம். ரெண்டுதானாம்."

பின்னால் அந்தத் தீவட்டித் தடியன் சிரிக்கிற சத்தம் ஷார்ஜா வரைக்கும் கேட்டது.